ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்பு!

2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் உங்கள் வீட்டில் ஐந்து வயது முடிந்த குழந்தை இருந்ததா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான். "புதுப் பை வாங்கித் தரேன், தண்ணி பாட்டில் வாங்கித் தரேன்" என்று ஆசை காட்டி வைத்திருப்பீர்கள். "எங்க கண்ணு ஒண்ணாங்கிளாஸ் போகப் போவுது" என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக் கதவோ மார்ச் மாதம் பாதியிலேயே சாத்தியாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அன்றைக்கு அந்தக் குழந்தை போய் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பில், அதுவும் பாதி வருஷம் போன பிறகு. ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்று அதன் வாழ்க்கையில் இல்லவே இல்லை!

உலகம் பூராவும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் அடைந்து கிடந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. ஆனால் பெரிய பிள்ளைகளுக்குப் போனது பாடம். ஆறு வயதுக் குழந்தைக்குப் போனது பாடம் மட்டும்தானா? ஓரிடத்தில் உட்காருவது, பென்சில் பிடிப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, அம்மா இல்லாத இடத்தில் வாய் திறந்து "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கேட்பது, இவையெல்லாம் ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொள்கிற விஷயங்கள் அல்லவா? எந்தப் பாடப் புத்தகத்திலும் இவை அச்சாகியிருக்காது.

மலையடிவாரத்தில்

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். மலைமேல் முருகன்; அடிவாரத்தில் அவனை நம்பிப் பிழைக்கிற ஊர். பூக்கட்டுகிறவர்கள், தேங்காய்-பழத் தட்டு விற்கிறவர்கள், மொட்டை அடிக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிறவர்கள்... பஞ்சாயத்துப் பள்ளியிலும் நகராட்சிப் பள்ளியிலும் பெஞ்சை நிரப்புகிற குழந்தைகளில் பலபேர் இந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். கோயில் நடை பக்தர்களுக்குச் சாத்தப்பட்டது. 2020, 2021 இரண்டு வருஷமும் ஆடிக்கிருத்திகை பக்தர் கூட்டம் இல்லாமலே நடந்தது. காவடி வராத ஆடிக்கிருத்திகை என்றால் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போகிற மின்சார ரயிலும் நின்றுவிட்டது. சுற்று வட்டாரத்தில் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் விசைத்தறிச் சத்தம்தான் தாலாட்டு. ஊரடங்கில் அந்தச் சத்தமும் ஓய்ந்தது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஆறு வயதுக் குழந்தை பகல் பொழுதை என்ன செய்யும்?

முதல் மாதம் கொண்டாட்டம்தான். பரணில் கிடந்த பல்லாங்குழிப் பலகை கீழே இறங்கியது. தாயக்கட்டை, பரமபத சோபனப் படம், சோழி, கல்லாங்காய் எல்லாம் வந்தன. ஆயாவுக்கும் பேரனுக்கும் சண்டை: "ஆயா, நீ கள்ளாட்டம் ஆடுற!" "போடா, எண்ணத் தெரியாதவனே!" அந்தச் சண்டையிலேயே கணக்கு இருக்கிறது, பாருங்களேன். குழிக்கு ஐந்து முத்து என்று போட்டு, எடுத்து, சுற்றி, பசு சேர்ந்ததா இல்லையா என்று பார்க்கிற குழந்தை கூட்டலும் கழித்தலும் விரல் நுனியில் செய்கிறது.

அடுத்த மாதங்களில் விளையாட்டு மெல்ல வேலையாயிற்று. பூத் தொடுக்கிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூவை ஜோடி சேர்த்துக் கொடுப்பது, வேர்க்கடலை உரிப்பது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது, தங்கச்சிப் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்வது. "நல்லாத்தான் வேலை கத்துக்கிட்டான்" என்று நாமும் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொண்டோம். ஆறு வயதில் கைக்கு வேலை நல்லதுதான். ஆனால் பெரிய பிள்ளைகள் விஷயத்தில் அந்தப் பெருமை சில வீடுகளில் ஆபத்தாக முடிந்தது. கையில் காசு வர ஆரம்பித்த பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன்களைத் திரும்பப் பள்ளிக்கு இழுத்து வர ஆசிரியர்கள் வீடு வீடாக ஏற வேண்டியிருந்தது.

பாடம் எப்படி வந்தது?

ஒரு வழி டி.வி. அரசின் கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்கு முன்பே, 2019 ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஊரடங்கில் அதுவே பள்ளிக்கூடமாயிற்று. எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டார்கள். எல்லாம் சரி, அந்த நேரத்தில் கரண்ட் இருக்க வேண்டும், கேபிளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், வீட்டில் பெரியவர்கள் யாரும் சீரியல் பார்க்காமல் இருக்க வேண்டும்! அதைவிடப் பெரிய சிக்கல், டி.வி.யில் வருகிற டீச்சர் கேள்வி கேட்டால் குழந்தை சொல்கிற பதில் அவர் காதில் விழாது. பதினாறு வயதுப் பெண் அதைப் பார்த்துக் குறிப்பு எடுப்பாள். ஆறு வயதுக்காரன் இரண்டு நிமிஷம் பார்ப்பான், மூன்றாவது நிமிஷம் வாசலில் நிற்பான்.

இன்னொரு வழி போன். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். அவர் திரும்பி வர ராத்திரி ஆகும். அதற்குள் குழந்தை தூங்கிவிடும். வாட்ஸப்பில் வந்த வீட்டுப் பாடத்தை யார் எழுதினார்கள் என்பது நமக்குள் இருக்கட்டும். அம்மாவின் அழகான கையெழுத்தில் எத்தனை 'அ, ஆ' போட்டோக்கள் டீச்சரின் போனுக்குப் போயிருக்கும்! டீச்சருக்கும் தெரியும். அவரும் ஒரு அம்மாதானே, சிரித்துக்கொண்டே 'குட்' போட்டிருப்பார்.

பல ஊர்களில் ஆசிரியர்கள் தெருவுக்கே வந்து, மரத்தடியில் ஐந்தாறு பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் நாற்பது குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற சந்தோஷத்தை அரிசிப் பையில் கட்டிக் கொடுக்க முடியுமா? வீட்டில் கீரையைத் தொடாத குழந்தை பள்ளியில் சாப்பிடுமே!

ஆசிரியர் தினம் யார் பிறந்த நாள் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது இதே திருத்தணியில். அந்த ஊரிலேயே 2020, 2021 இரண்டு செப்டம்பர் 5-ஆம் தேதிகளிலும் ஆரம்பப் பள்ளி வகுப்பில் ஒரு குழந்தைகூட இல்லை.

தெலுங்கு பேசுகிற வீடுகள்

இந்த ஊருக்கென்று இன்னொரு விசேஷம் உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் பேச்சு தெலுங்குதான். அவ்வா நகரியில் இருப்பார், பேத்தி திருத்தணியில் இருப்பாள். நடுவில் செக்போஸ்ட் வைத்து இ-பாஸ் கேட்டபோது அவ்வாவைப் பார்க்காமல் ஏங்கிப் போன குழந்தைகள் பல.

இந்தக் குழந்தைகளுக்குத் தமிழ் காதில் விழுவதே பள்ளியில்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அது நின்று போனால்? வகுப்பு திறந்ததும் டீச்சர் கேட்கிறார், குழந்தை மலங்க மலங்க விழிக்கிறது. "மந்தமா இருக்கானே" என்று யாராவது சொல்லிவிட்டால் தாய்க்கு வயிற்றைக் கலக்கும். உடனே என்ன செய்கிறோம்? வீட்டில் தெலுங்கு பேசுவதையே நிறுத்திவிடப் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த மொழியில் கதை கேட்டு வளர்ந்தாலும் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு வார்த்தை வளம் கூடுகிறது. அடுத்த மொழியைப் பிடித்துக்கொள்ள அதுவே கைப்பிடி. அவ்வா தெலுங்கிலேயே கதை சொல்லட்டும். கூடவே தமிழ் பேசுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சாயங்காலம் விளையாட விடுங்கள், போதும்.

கதவு திறந்த பிறகு

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. பலூன் கட்டி, மிட்டாய் கொடுத்து வரவேற்றார்கள். வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வருஷம் நவம்பர் மழையை மறக்க முடியுமா? திருவள்ளூர் மாவட்டத்துக்கு அடுத்தடுத்து மழை விடுமுறை. பிறகு 2022 ஜனவரியில் ஒமிக்ரான் என்று மறுபடி பூட்டு. பிப்ரவரி 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். குழந்தை இப்போதுதான் அழுகையை நிறுத்திப் பழகியிருக்கும், திரும்ப முதலிலிருந்து!

ஏழு வயதுக் குழந்தைகள் மூன்று வயதுக் குழந்தை மாதிரி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதன. பென்சிலைக் கரண்டி மாதிரி முஷ்டியில் பிடித்தன. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. போனில் விரலால் தள்ளிப் பழகியதில் புத்தகப் பக்கத்தைப் புரட்டத் தெரியாத குழந்தைகளும் உண்டு. முகமூடிக்குள்ளிருந்து டீச்சர் 'ல, ள, ழ' சொல்லிக்கொடுத்தால் அவர் நாக்கு எங்கே போகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

முதல் சில நாட்கள் பாடமே வேண்டாம், கதையும் பாட்டும் விளையாட்டும் போதும் என்று பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. "ஏற்கெனவே ஒண்ணரை வருஷம் போச்சு, இதுல விளையாட்டு வேறயா?" என்று முணுமுணுத்த தாய்மார்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த நாட்கள்தான் உபயோகமான நாட்கள். பயம் போகாத குழந்தையின் காதில் பாடம் ஏறாது.

நஷ்டம் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு?

இதைச் சும்மா வாய்ப் பேச்சாக விடாமல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொரோனாவுக்கு முன், 2019-இல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏராளமான குழந்தைகளைச் சோதித்து வைத்திருந்த பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், பள்ளி திறந்ததும் 2021 டிசம்பரில் மறுபடி சோதித்தார்கள். சுமார் 19,000 குழந்தைகள். நஷ்டம் பெரிசாகவே இருந்தது. தமிழைவிடக் கணக்கில் அதிகம். இது நாம் எதிர்பார்த்ததுதான். ஆறு மாதம் கழித்து, 2022 மே வாக்கில், மறுபடி பார்த்தபோது போனதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது! "இந்தத் தலைமுறையே போச்சு" என்று கன்னத்தில் கை வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு யாரால் தெரியுமா? சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பாடம் சொன்னவர்களால். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ஆரம்பித்து வைத்த 'இல்லம் தேடிக் கல்வி' பற்றித்தான் சொல்கிறேன். மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. ஒருத்தருக்கு இருபது குழந்தைகள் வரை. தன்னார்வலர்கள் இரண்டு லட்சத்தை நெருங்கினார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். பிளஸ் டூ முடித்துக் கல்யாணம் ஆகி, "படிச்ச படிப்பெல்லாம் பாத்திரம் தேய்க்கத்தான்" என்று அலுத்துக்கொண்டிருந்த எத்தனையோ சகோதரிகள் தெருப் பிள்ளைகளுக்கு 'அக்கா டீச்சர்' ஆனார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் வந்தார்கள், அதிகம் பலனும் அடைந்தார்கள் என்று அதே ஆராய்ச்சி சொல்கிறது. இவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. போர்த்தியிருக்க வேண்டும்.

பிறகு 2022 ஜூன் 13-ஆம் தேதி 'எண்ணும் எழுத்தும்' வந்தது. தொடங்கி வைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் பள்ளியில். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, எந்த வகுப்பு என்று பார்க்காமல் என்ன தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. "மூணாவது படிக்கிற என் பொண்ணை அரும்புல போட்டுட்டாங்களே" என்று சண்டைக்குப் போன அம்மாக்கள் உண்டு. அரும்பு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை அம்மா. எழுத்தே தெரியாத குழந்தையிடம் பத்தியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தால் அதுதான் கொடுமை.

நாடு முழுவதும் கிராமப்புறங்களில் எடுக்கிற அசர் கணக்குப்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் நூற்றுக்கு 27.3. அது 2022-இல் 20.5 ஆக விழுந்து, 2024-இல் 27.1 என்று ஏறிவிட்டது. பழைய இடத்துக்கு வந்தாயிற்று என்று நிம்மதி. பழைய இடமே நூற்றுக்கு இருபத்தேழுதான் என்பதை நினைத்தால் நிம்மதி கொஞ்சம் குறைகிறது!

ஸ்வீடனில் ஆரம்பப் பள்ளிகளை மூடவே இல்லை. அங்கே ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பில் குறை விழவில்லை என்று பின்னால் சோதித்துச் சொன்னார்கள். நம் நெரிசலில், கூட்டுக் குடும்பத்தில் தாத்தா பாட்டியோடு வாழ்கிற நமக்கு அது முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கண்ணும் கையும்

உடம்பு விஷயத்தில் முதலில் கண். சீனாவில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆறு வயதுக் குழந்தைகளிடம் கிட்டப்பார்வை, 2015 முதல் 2019 வரை எந்த வருஷமும் 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. வீட்டில் அடைந்து கிடந்தபின் 2020-இல் 21.5! வெளியில் வெளிச்சத்தில் ஓடி விளையாடாததும், கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருந்ததும் காரணம் என்கிறார்கள். உங்கள் குழந்தை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறதா? டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காருகிறதா? அடிக்கடி தலைவலி என்கிறதா? கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "இந்த வயசுல கண்ணாடியா, பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்வாங்க" என்ற பேச்சை விட்டுத் தள்ளுங்கள். போனைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முழ தூரம் இருக்கட்டும். தினம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெளியில் விளையாட்டு. கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது கை. எழுத்து கோணலாக வருகிறது என்று நோட்டு நோட்டாக எழுத வைத்துப் பிரயோஜனமில்லை. விரலில் பலம் வேண்டும். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். பூண்டு உரிக்கட்டும், பட்டாணி உரிக்கட்டும். பூத் தொடுக்கிற வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கவலையே குறைவு. நாரை முடி போடுகிற விரல் பென்சிலை விடுமா? கோலம் இன்னும் விசேஷம். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைக்கச் சொல்லி எத்தனை புள்ளி என்று கேளுங்கள். ஊடுபுள்ளி வைத்தால் எத்தனை கூடும்? பையனையும் கோலம் போட விடலாம், தப்பே இல்லை.

மலைக்குப் போனால் படி வழியாகவே ஏறுங்களேன். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று 365 படிகள். எண்ணிக்கொண்டே ஏறட்டும். நடுவில் எண்ணிக்கை விட்டுப் போனால் திரும்பக் கீழே வரவேண்டாம், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்!

தடுப்பூசியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐந்து, ஆறு வயதில் போடுகிற டி.பி.டி. பூஸ்டர் ஊரடங்கில் சில குழந்தைகளுக்குத் தவறிப் போயிருக்கும். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி இருக்கிறது, இலவசம்தான்.

இப்போது ஆறாம் வகுப்பில்

அன்று ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமல் போன குழந்தை 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்றால் ஒரு பங்கு அப்போது திரும்பவில்லை என்றும்தானே அர்த்தம்? எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். அதனால் மார்க் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் வேறு. பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பிப்பார்கள். பார்க்கிற அம்மாவுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். முன்பின் பார்க்காத ஒன்றைக் கொடுங்கள். மளிகை கட்டி வந்த பேப்பர், ரேஷன் கடை அறிவிப்பு, மருந்து பாட்டில் மேல் இருக்கிற தமிழ். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "அந்த பஸ் எங்க போவுதுன்னு பார்த்துச் சொல்லு கண்ணு, எனக்கு கண்ணாடி இல்லை" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டித் திணறினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். "பதினோரு வயசாச்சு, வெட்கமா இல்லை?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த முறை அது வாயே திறக்காது. அது பள்ளிக்கு மட்டம் போட்டதா? பள்ளிக்கூடம்தானே மூடியிருந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். நீங்கள் ஒரு வரி, அது ஒரு வரி என்று சத்தமாக வாசியுங்கள். அதன் வயதுக்குச் சின்னதான கதைப் புத்தகமானாலும் பரவாயில்லை. "தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டு" என்று கொடுத்தால் கௌரவம் குறையாது. உங்களுக்கே படிக்க வராது என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் குழந்தை படிக்கும்.

கூடவே பள்ளியிலும் சொல்லிவிடுங்கள். 2025-இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, அடிப்படை விட்டுப் போன பிள்ளைகளுக்கென்றே 'திறன்' என்று தனிப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பெற்றோர் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில், குழந்தை காதில் விழாத தூரத்தில் டீச்சரைப் பிடித்து, "எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் டீச்சர், அவனை இதுல சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டு விடுங்கள்.